மனையில் மண்ணை அளப்பதா, அளக்காமலே வீட்டைக் காப்பதா? ரேடான் அபாயத்தைக் கணிக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

வீடு கட்டத் தொடங்குபவர் மண்ணின் தாங்குதிறனையும் நிலத்தடி நீர்மட்டத்தையும் பரிசோதிப்பது எங்கும் உள்ள வழக்கம். செக் குடியரசில் இவற்றோடு மற்றொரு பரிசோதனையும் சட்டப்படி கட்டாயமாகும். மக்கள் தங்கும் அறைகள் கொண்ட கட்டடத்துக்கு அனுமதி கேட்பவர், அந்த மனையின் ரேடான் குறியீட்டைத் தீர்மானித்துத் தர வேண்டும். அதாவது, மண்ணுக்குள் உள்ள காற்றில் ரேடான் என்ற கதிரியக்க வாயு எவ்வளவு இருக்கிறது, அந்தக் காற்று மண்ணின் ஊடாக எவ்வளவு எளிதாக நகர்கிறது என்ற இரண்டும் மதிப்பிடப்பட வேண்டும். 1997ஆம் ஆண்டின் அணுச் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது. கட்டடத்துக்கும் தரைக்கும் இடையே காற்று தடையின்றி ஓடும் இடைவெளி இருந்தால் மட்டும் விலக்கு உண்டு.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவுரையோ இதற்கு நேர் எதிரானது. ரேடான் தடுப்புடன் வீடு கட்ட வேண்டுமா என்பதை முடிவுசெய்வதற்காக மண்ணைப் பரிசோதிக்க அது பரிந்துரைப்பதில்லை. மண் பரிசோதனை செய்ய முடியும் என்றாலும், அதைக் கொண்டு அந்த மனையில் எழப்போகும் வீட்டில் ரேடான் பிரச்சினை வராது என்று உறுதி கூற முடியாது என்பது அதன் வாதம். ஒரே வாயுவைப் பற்றி இரு நாடுகள் இவ்வளவு மாறுபட்ட முடிவுகளுக்கு வந்திருக்கும்போது, மனையைக் கையில் வைத்திருப்பவர் எதைப் பின்பற்றுவது? என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளவீட்டின் முடிவு கட்டுமானத்தில் எதையேனும் மாற்றும் என்றால்தான் மண்ணை அளப்பதில் பொருள் உண்டு. அப்படி அளக்கும்போது, காற்று மண்ணின் ஊடாக நகரும் எளிமையை, அதாவது அதன் ஊடுருவுதிறனை விட்டுவிட்டு ரேடானை மட்டும் அளப்பது, அளக்காமலே இருப்பதைவிடத் தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடக்கூடும்.

பாறையிலும் மண்ணிலும் இயல்பாகவே உள்ள யுரேனியம்-238 பல படிகளாகச் சிதைந்து ரேடியம்-226 ஆகிறது. அந்த ரேடியம் சிதையும்போது ரேடான்-222 பிறக்கிறது. இதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 3.82 நாள். மந்த வாயுவாகையால் எதனோடும் வினைபுரியாமல், மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றில் கலந்து நகர்கிறது. வீட்டுக்குள் புகுந்து அது சிதையும்போது உண்டாகும் பொலோனியம்-218, பொலோனியம்-214 ஆகியவை மூச்சின் வழியே நுரையீரலில் படிந்து, அங்கேயே ஆல்ஃபா கதிர்களை வெளியிடுகின்றன. ஜெர்மனியின் ஷ்னேபெர்க் சுரங்கத் தொழிலாளர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பலிகொண்டுவந்த நோய் நுரையீரலில் தோன்றும் புற்று என்று 1879இலேயே அடையாளம் காணப்பட்டது. அதே மலைத்தொடரின் செக் பக்கத்தில் இருக்கும் யாகிமோவ் என்ற சுரங்க ஊரிலிருந்து வந்த தாதுக் கழிவில்தான் கியூரி தம்பதியர் ரேடியத்தைப் பிரித்தனர். வீடுகளில் உள்ள ரேடானின் விளைவு பற்றிய சான்று பிற்பாடு வந்தது. 13 ஐரோப்பிய ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாக இணைத்து 2005இல் வெளியான பகுப்பாய்வு, நீண்டகாலச் சராசரி அளவு கனமீட்டருக்கு 100 பெக்கரல் (விநாடிக்கு ஓர் அணு சிதைவதே ஒரு பெக்கரல்) கூடும்போது நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஏறத்தாழ 16% உயர்கிறது என்று காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் 100 பெக்கரலை வழிகாட்டு அளவாகப் பரிந்துரைத்து, அதைக் கடைப்பிடிக்க இயலாத நாடுகளும் 300ஐத் தாண்டக் கூடாது என்றது.

மண்ணுக்குள் இருக்கும் அளவுகளோ இவற்றோடு ஒப்பிடவே முடியாதவை. கிலோகிராமுக்கு 40 பெக்கரல் ரேடியம் கொண்ட சாதாரண மண்ணை எடுத்துக்கொள்வோம். அதில் பிறக்கும் ரேடானில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே துகளை விட்டு வெளியேறுகிறது என்றும், மண்ணின் கொள்ளளவில் 40% காற்று என்றும் வைத்துக் கணக்கிட்டால், ஆழத்தில் உள்ள மண்காற்றில் கனமீட்டருக்கு ஏறத்தாழ 32,000 பெக்கரல் வருகிறது. அதாவது, குறைசொல்ல எதுவும் இல்லாத ஒரு மண்ணிலேயே அனுமதிக்கத்தக்க அளவைப் போல நூறு மடங்குக்கும் அதிகமான ரேடான் உள்ளது. ஆகவே, மண்ணில் ரேடான் உண்டா என்பது கேள்வியே அல்ல. அந்தக் காற்றில் எவ்வளவு வீட்டுக்குள் வரும் என்பதே கேள்வி.

அதற்கும் ஓர் எளிய கணக்கு உண்டு. 250 கனமீட்டர் கொள்ளளவுள்ள வீட்டின் காற்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முழுதாக மாறுகிறது என்றால், மணிக்கு 125 கனமீட்டர் புதுக் காற்று உள்ளே வருகிறது. கனமீட்டருக்கு 40,000 பெக்கரல் கொண்ட மண்காற்று மணிக்கு ஒரே ஒரு கனமீட்டர் தரை விரிசல்கள் வழியே கசிந்தாலும், வீட்டுக்குள் 320 பெக்கரல் நிலைத்துவிடும். குளிர்நாட்டு வீட்டில் உள்ளிருக்கும் சூடான காற்று மேலே எழுந்து வெளியேறுவதால் தரைமட்டத்தில் சில பாஸ்கல் அளவுக்கு அழுத்தம் குறைகிறது. அந்தச் சிறு வேறுபாடே மண்காற்றை உறிஞ்சப் போதுமானது. மணிக்கு ஒரு கனமீட்டர் வருமா, அதில் நூறில் ஒரு பங்கு வருமா என்பது மண்ணின் ஊடுருவுதிறனையும் தரையின் கட்டமைப்பையும் பொறுத்தது. கீழே ஒப்பிடும் ஒவ்வொரு வழியையும் இந்தக் கணக்கை வைத்தே எடைபோடுகிறேன்.

முதல் வழி, வரைபடத்தைப் பார்ப்பது. செலவில்லாதது, உடனே கிடைப்பது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதையே முதன்மை வழியாக வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே வீடுகளில் எடுத்த அளவீடுகளையும் நிலவியல் தகவலையும் இணைத்து, ஓரிடத்தில் உள்ள வீடுகளில் எத்தனை விழுக்காடு 200 பெக்கரலைத் தாண்டக்கூடும் என்று அந்த வரைபடம் சொல்கிறது. 3 முதல் 10% வரை என்றால் புதிய வீட்டின் தரை முழுவதும் காற்றுப்புகாப் படலம் விரிப்பது போன்ற அடிப்படைப் பாதுகாப்பு. 10%க்கு மேல் என்றால் அதோடு தரைக்கடியிலிருந்து காற்றை வெளியேற்றும் ஏற்பாட்டுக்கும் இடம் விட வேண்டும். கார்ன்வால், டெவன் பகுதிகளின் கிரானைட் நிலங்கள் இந்த மேல்வகுப்பில் பெரிதும் இடம்பெறுகின்றன. இம்முறையின் வலிமை, அது மண்ணை அல்லாமல் வீடுகளையே அளந்து எழுந்தது என்பதில் இருக்கிறது. பலவீனமும் தெளிவானதே: அது நிகழ்தகவை மட்டுமே தருகிறது. 2% என்று குறிக்கப்பட்ட பகுதியில், அந்த 2%இல் நம் மனை அடங்குமா என்பதை எந்த வரைபடமும் சொல்லாது. கிரானைட்டின் மேல் பத்து மீட்டர் களிமண் மூடியிருக்கலாம். அடுத்த தெருவிலேயே அந்தக் களிமண் தீர்ந்து, உடைந்த பாறை தலைகாட்டலாம். செக் நிலவியல் துறை 1:50,000 அளவில் ரேடான் வரைபடங்களை வெளியிட்டிருந்தும், தனி மனைக்கு நேரடி அளவீடு கேட்கப்படுவதன் காரணம் இதுவே.

இரண்டாவது வழி, மண்ணை எடுத்துச் சென்று ஆய்வகத்தில் காமா கதிர்களை வகைபிரித்து அளக்கும் நிறமாலைமானியால் ரேடியத்தை அளப்பது. துல்லியமான எண் கிடைக்கும். ஆனால் அந்த ரேடானில் எவ்வளவு துகளைவிட்டு வெளியேறும், வெளியேறியது எவ்வளவு தூரம் நகரும் என்ற இரண்டைப் பற்றியும் அந்த எண் மௌனம் சாதிக்கும். வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டப்போகும் நிரப்பு மண்ணையும் ஜல்லியையும் சோதிக்க இது மிகச் சிறந்த வழி. மனையைச் சோதிக்க இது மட்டும் போதாது.

மூன்றாவது, தரையின் மேற்பரப்பிலிருந்து வெளிப்படும் ரேடானை ஒரு கலத்தைக் கவிழ்த்துப் பிடித்து அளப்பது. ரஷ்யாவில் இம்முறை விதிகளிலேயே இடம்பெற்றிருக்கிறது: குடியிருப்பு மனைகளுக்குச் சதுரமீட்டருக்கு விநாடிக்கு 80 மில்லிபெக்கரல் என்பது வரம்பு. ரேடான் ‘வெளியே வரும்’ வேகத்தை நேரடியாக அளப்பதால் இது பொருத்தமானது போலத் தோன்றும். எனினும் மழை பெய்து மேல்மண் நனைந்தால் வெளியேற்றம் சட்டென்று குறையும். காற்றழுத்தம் தாழ்ந்தால் கூடும். தரை உறைந்தால் ஏறக்குறைய அடைபட்டே போகும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான குறை ஒன்று உண்டு. நாம் அளப்பது மேல்மண்ணை. கட்டும்போது முதல் வேலையாக வெட்டி அகற்றப்படுவதும் அதே மேல்மண்தான். இல்லாமல் போகப்போகும் ஓர் அடுக்கின் நடத்தையை வைத்து, அதற்குக் கீழே அமையப்போகும் அடித்தளத்தைப் பற்றி முடிவெடுப்பதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

நான்காவது வழிதான் செக் முறை. சற்று விரிவாகவே பார்க்க வேண்டியது இது.

விரல் தடிமன் உள்ள உள்ளீடற்ற எஃகுக் கம்பியின் கீழ்முனையில் கூரான ஒரு சிறு முனை தளர்வாகப் பொருத்தப்படுகிறது. சுத்தியலால் 80 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அதை அடித்து இறக்கிய பின், உள்ளே மெல்லிய கம்பி ஒன்றை விட்டுத் தட்டினால் அந்த முனை சில சென்டிமீட்டர் கீழே நகர்ந்து, கம்பியின் அடியில் சிறு குழிவு உண்டாகும். முனை மண்ணிலேயே தங்கிவிடும். மேலே பெரிய ஊசிக்குழல் ஒன்றைப் பொருத்தி இழுத்தால் மண்காற்று ஏறி வரும். சரளை மண்ணில் குழலின் தண்டு தடையில்லாமல் வருகிறது. ஈரக் களிமண்ணில் இழுத்த தண்டைக் கைவிட்டால் அது தானாகவே பின்னால் போகிறது. சில இடங்களில் காற்றுக்குப் பதிலாகக் கலங்கிய நீர் ஏறுகிறது. கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே இடைவெளி விழுந்திருந்தால் வெளிக்காற்று அதன் வழியே இறங்கிக் கலந்து, ரேடான் அளவை உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அறிக்கையில் இருக்கும் எண் நம்பத்தக்கதா என்பது பெரும்பாலும் இந்தச் சில நிமிடங்களில், கம்பியை அடித்தவரின் கவனத்தால் தீர்மானமாகிறது.

எடுத்த மாதிரி, கதிர் படும்போது எழும் ஒளி மினுக்கங்களை எண்ணும் மினுக்கக் கலத்திலோ, கதிரால் காற்றில் உண்டாகும் மின்னூட்டத்தை அளக்கும் அயனியாக்கக் கலத்திலோ செலுத்தி அளக்கப்படுகிறது. தோரியத் தொடரிலிருந்து வரும் தோரான் எனப்படும் ரேடான்-220இன் அரை ஆயுள் 55.6 விநாடிதான் என்பதால், சில நிமிடங்கள் காத்திருந்தாலே அது கழிந்துவிடும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையைப் போல மோனசைட் மணல் செறிந்த இடங்களை நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அங்கே தோரியமே மேலோங்கியிருக்கிறது, அதிலிருந்து பிறக்கும் தோரானை இம்முறை வேண்டுமென்றே கழித்துவிடுகிறது. யுரேனியத் தொடரின் ரேடானுக்காக வகுக்கப்பட்ட, கீழே வரும் எல்லை எண்களை அந்த மணலுக்கு அப்படியே எடுத்துப் பொருத்துவது சரியாகாது.

தனி வீடு ஒன்றுக்கான மனையில் குறைந்தது 15 இடங்களில் மாதிரி எடுக்க வேண்டும். பெரிய மனையில் 10 மீட்டருக்கு ஒரு புள்ளியாக வலைபோல் எடுக்க வேண்டும். முடிவுக்குக் கணக்கில் கொள்வது சராசரியை அன்று, மூன்றாம் கால்மானத்தை. 15 மதிப்புகளை ஏறுவரிசையில் அடுக்கினால் ஏறத்தாழ மேலிருந்து நான்காவதாக நிற்கும் மதிப்பு அது. இந்தத் தேர்வை நான் மனதார வரவேற்கிறேன். வீட்டுக்குள் காற்று சராசரியான இடத்தின் வழியே வருவதில்லை. எளிதாக வழிவிடும் இடத்தின் வழியே வருகிறது. அதே நேரத்தில் ஒரே ஒரு விசித்திரமான உச்ச மதிப்பு முழு முடிவையும் ஆட்டிவைப்பதையும் இது தவிர்க்கிறது. மூன்று புள்ளிகளில் மட்டும் அளந்து தரப்படும் அறிக்கையை, அதன் எண்கள் எவ்வளவு ஆறுதலாக இருந்தாலும், ஏற்க வேண்டாம். ஒரே மனையில் பத்து மீட்டர் இடைவெளியில் மதிப்புகள் பல மடங்கு மாறுபடுவது சாதாரணம்.

அடுத்தது ஊடுருவுதிறன். அதே கம்பியின் வழியே நிலையான அழுத்தத்தில் ஒரு குறிப்பிட்ட கொள்ளளவுக் காற்று வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து அதைக் கணிக்கலாம். சரளைக்கும் களிமண்ணுக்கும் இடையே இது பல்லாயிரம் மடங்கு வேறுபடக்கூடும் என்பதால் 10இன் எதிர் அடுக்காக எழுதுவது வழக்கம். ரேடான் செறிவைக் கிலோபெக்கரலில் எழுதி 1ஐக் கழித்து, அதை ஊடுருவுதிறனின் அடுக்கெண்ணிலிருந்து (எதிர்க்குறி நீங்கலாக) 10ஐக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால், மனையின் ரேடான் ஆற்றல் கிடைக்கும். 10க்குக் கீழ் என்றால் குறைவு, 35க்குக் கீழ் வரை நடுத்தரம், 35உம் அதற்கு மேலும் உயர்வு.

இப்போது இரண்டு மனைகளை ஒப்பிடுவோம். இரண்டிலும் 40 கிலோபெக்கரல். ஒன்றில் மண் சரளை கலந்த மணல், அடுக்கெண் 11. 39ஐ 1ஆல் வகுக்க 39, ஆகவே உயர்வு. மற்றொன்றில் களிமண், அடுக்கெண் 13. 39ஐ 3ஆல் வகுக்க 13, ஆகவே நடுத்தரத்தின் அடிப்பகுதி. ரேடானை மட்டும் அளந்திருந்தால் இவ்விரண்டு மனைகளுக்கும் ஒரே தீர்ப்பு வந்திருக்கும். அதைவிட மோசமான நிலையும் உண்டு. காற்று எளிதில் ஓடும் சரளையில் வெளிக்காற்று கலந்து ரேடான் செறிவு தாழ்ந்தே இருக்கலாம். அசைவற்ற களிமண்ணில் தேங்கி உயர்ந்திருக்கலாம். அப்போது ரேடான் எண்ணை மட்டும் பார்ப்பவர் பாதுகாப்பான மனையைக் கண்டு அஞ்சி, அபாயமான மனையில் நிம்மதியாகக் கட்டிவிடுவார். மண்காற்றில் 10 கிலோபெக்கரலுக்குக் கீழ் குறைவு, 50க்கு மேல் உயர்வு என்ற சுவீடனின் வகைப்பாடு எளிமையானது, நினைவில் நிற்பது. ஆனால் அதை மண் வகையைப் பார்க்காமல் எந்திரம்போலப் பயன்படுத்தினால் இந்தக் குழியில்தான் விழ நேரும்.

செக் முறைக்கும் எல்லை உண்டு. அளப்பது கட்டுவதற்கு முந்தைய மண்ணை. நிலவறைக்காக இரண்டரை மீட்டர் தோண்டும்போது மேலே மூடியிருந்த களிமண் போய்விடுகிறது. தளத்துக்கு அடியில் விரிக்கும் ஜல்லிப் படுகை, காற்று தடையின்றி ஓடும் புதிய அடுக்கை உருவாக்குகிறது. களிமண் என்று ‘குறைவு’ வகுப்பில் சேர்ந்த மனையில், களிமண்ணைத் தாண்டித் தோண்டப்போகிறார்கள் என்றால் அந்த வகுப்பு செல்லாது. அதனால்தான் அடித்தளத்தின் ஆழம் முடிவான பின்னரே அளவீட்டுக்கு ஆளை அழைக்க வேண்டும் என்கிறேன். அளப்பவரிடம் கட்டட வரைபடத்தின் நகலையும் கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது வழி, அளக்காமலே காப்பது. ஜல்லிப் படுகை, அதில் துளையிட்ட குழாய், மேலே காற்றுப்புகாப் படலம், குழாயைக் கூரைக்கு மேல் கொண்டுசெல்லும் செங்குத்துப் போக்கு, பின்னால் தேவைப்பட்டால் மின்விசிறி பொருத்த இடம். கட்டும்போதே செய்தால் இது சிறு வேலை. குடிபுகுந்த பின் தளத்தை உடைத்துச் செய்தால் செலவும் தொல்லையும் பன்மடங்கு. இவ்வழி வெறும் நல்லெண்ணம் அன்று என்பதற்குப் பின்லாந்து நல்ல சான்று. அங்கே 2004இல் கட்டுமான விதிகள் இறுக்கப்பட்டன. 2009இல் நாடு தழுவிய மாதிரிக் கணக்கெடுப்பில், 2006 முதல் 2008 வரை கட்டிய வீடுகளின் சராசரி ரேடான், 2000 முதல் 2005 வரை கட்டியவற்றைவிட 33% குறைந்திருந்தது. ரேடான் மிகுந்த மாகாணங்களில் குறைவு 47%. அடித்தளச் சுவரும் தரைத் தளமும் சேரும் இணைப்பைப் பிட்டுமன் பட்டையால் அடைத்து, தரைக்கடியில் குழாயும் பதித்த வீடுகளில், எதுவும் செய்யாத வீடுகளைவிடச் சராசரியாக 57% குறைந்திருந்தது. இந்த வழியின் உண்மையான பலவீனம் வேலைத்தரம். படலத்தில் குழாய் நுழையும் ஒரு துளையைச் சரியாக ஒட்டாமல் விட்டால் அந்த ஒரு துளையே போதும். மேலும், மின்விசிறி இல்லாத குழாய் மட்டும் வலுவான ரேடான் மனையில் போதாமல் போகலாம். அது எந்த மனை என்பதை அளக்காமல் அறிய வழியில்லை.

இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால், தேர்வு மனைக்கு மனை மாறுவது இயல்பே. வரைபடத்தில் அபாயம் தெளிவாகத் தெரியும் பகுதியில், தனி வீடு கட்டுபவர், அந்நாட்டுச் சட்டம் கேட்காத வரை, மண்ணை அளக்கும் பணத்தை முழுப் பாதுகாப்பிலேயே போடுவது நல்லது. அளவீடு என்ன சொன்னாலும் அவர் படலத்தையும் குழாயையும் போடத்தான் வேண்டும் என்பதால், அந்த எண் எந்த முடிவையும் மாற்றாது. அமெரிக்க முகமையின் வாதம் இங்கே முழுதும் பொருந்துகிறது. கனடாவில் 2010ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் தேசியக் கட்டட விதித்தொகுப்பு மண்காற்றுத் தடுப்பையும் பின்னால் உறிஞ்சு குழாய் இணைப்பதற்கான ஏற்பாட்டையும் புதிய வீடுகளில் எதிர்பார்ப்பதும் இதே சிந்தனையில்தான். நிலவறை வீடுகளில் பல தமிழ்க் குடும்பங்கள் வாழும் டொராண்டோ பகுதியில் இது தொலைவான விஷயம் அல்ல.

ஆனால் ஐம்பது வீடுகள் கொண்ட குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை என்று வரும்போது என் கருத்து செக் முறையின் பக்கம் சாய்கிறது. ஐம்பது மனைகளில் எந்தப் பத்தில் மின்விசிறி தொடக்கத்திலேயே வேண்டும், எதில் படலம் மட்டும் போதும் என்பதை வலைபோல் எடுத்த அளவீடு பிரித்துக் காட்டும். நிலத்தடிப் பாறையின் பிளவுக் கோடு மனையின் குறுக்கே ஓடினாலோ, பழைய சுரங்கக் கழிவால் நிரப்பப்பட்ட நிலமாக இருந்தாலோ, தனி வீட்டுக்கும் இதே முறையையே சொல்வேன். அத்தகைய இடங்களில் வரைபடத்தின் நிகழ்தகவுக்கு மதிப்பில்லை. வரைபடம் குறைவு என்று சொல்லும் பகுதியில் ஊடுருவுதிறன் மிக்க சரளை மேட்டின் மேல் கட்டுபவரும் அளப்பதே முறை. வட ஐரோப்பாவில் பனியாறுகள் விட்டுச்சென்ற சரளை மேடுகள், ரேடியம் மிகுதியாக இல்லாமலேயே, வீடுகளில் உயர்ந்த அளவைக் காட்டியிருக்கின்றன.

எந்த வழியைத் தேர்ந்தாலும் குடிபுகுந்த முதல் குளிர்காலத்தில், ஆள் தங்கும் மிகத் தாழ்ந்த தளத்தில் ஆல்ஃபா கதிர்கள் பதிக்கும் தடங்களைக் கொண்டு ரேடானை அளக்கும் ஆல்ஃபா தடக் கருவியை மூன்று மாதம் வைத்து அளக்க வேண்டும். 1984இல் பென்சில்வேனியாவில், லிமெரிக் அணுமின் நிலையத்தில் பணிபுரிந்த ஸ்டான்லி வாட்ராஸ் கதிரியக்க எச்சரிக்கை மணியை ஒலிக்கச் செய்தபோது, காரணம் நிலையத்தில் இல்லை, அவர் வீட்டில் இருந்தது. கனமீட்டருக்கு ஏறத்தாழ 1,00,000 பெக்கரல். அதுவரை அந்த வீட்டை யாரும் அளந்திருக்கவில்லை. அளவு நாட்டின் வரம்பைத் தாண்டினால், கட்டும்போது விட்டுவைத்த குழாயில் மின்விசிறியைப் பொருத்தி, மறுபடியும் மூன்று மாதம் அளக்க வேண்டும்.